விளையாட்டுப் பருவ முன்கணிப்பு

விளையாட்டுப் பருவ முன்கணிப்பு என்பது ஒரு தொழில்முறை விளையாட்டுத் தொடர் தொடங்குவதற்கு முன்பே அதில் எந்த அணி வெல்லும், எந்தெந்த அணிகள் இறுதிக் கட்டத்துக்குத் தகுதி பெறும், எந்த வீரர் சிறந்து விளங்குவார் என்பவற்றை முன்கூட்டிக் கூறுவது ஆகும். முன்னாள் வீரர்கள், விளையாட்டுச் செய்தியாளர்கள், புள்ளியியலாளர்கள், கணினி நிரல்கள் எனப் பல தரப்பினரும் இதனைச் செய்கின்றனர். அமெரிக்க அடிபந்தாட்டத்தில் (பேஸ்பால்) இவ்வழக்கம் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. இந்தியாவில் 2008 ஆம் ஆண்டு இந்தியன் பிரீமியர் லீக் தொடங்கிய பின் துடுப்பாட்டத்திலும் (கிரிக்கெட்) இது பரவியது. 2016 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடர், குறிப்பாக அதில் ஆடும் திண்டுக்கல் டிராகன்ஸ் அணியின் வரலாறு, இத்தகைய கணிப்புகளின் பயனையும் எல்லையையும் விளங்கிக்கொள்ள நல்ல எடுத்துக்காட்டாகும்.

கணிப்பின் வகைகள்

முன்கணிப்புகளை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

1. வல்லுநர் கருத்து: ஆட்டத்தை அறிந்த ஒருவர் அணிகளின் வீரர் பட்டியலைப் பார்த்துத் தமது பட்டறிவைக் கொண்டு கூறுவது. "முதல் நான்கு இடங்களைப் பெறும் அணிகள்" என்ற பட்டியலாகவே இது பெரும்பாலும் வெளியாகும்.

2. புள்ளியியல் கணிப்பு: வீரர்களின் முந்தைய ஆட்டப் பதிவுகளைக் கொண்டு ஒவ்வோர் அணியின் வலிமையையும் எண்ணாக மாற்றி, அதிலிருந்து வெற்றி வாய்ப்பைக் கணக்கிடுவது. இதன் விடை "40 விழுக்காடு வாய்ப்பு" என்பது போல நிகழ்தகவாக அமையும்.

3. கூட்டுக் கணிப்பு: பலருடைய கணிப்புகளின் சராசரியை எடுப்பது. தனித்தனி ஆட்களின் பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்வதால், இச்சராசரி பெரும்பாலான தனிக் கணிப்புகளை விடத் துல்லியமாக அமைவது உண்டு.

வரலாறு

அடிபந்தாட்டத்தில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஒவ்வொரு பந்தின் விளைவும் பதிவு செய்யப்படுகிறது. இதனால் புள்ளியியல் ஆய்வுக்கு அவ்விளையாட்டு மிகவும் ஏற்றதாக அமைந்தது. பில் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர், ஓர் அணி எடுத்த ஓட்டங்களையும் விட்டுக்கொடுத்த ஓட்டங்களையும் கொண்டு அதன் வெற்றி விகிதத்தை மதிப்பிடும் எளிய வாய்பாட்டை உருவாக்கினார். இரு எண்களின் வர்க்கங்கள் இதில் வருவதால் இது பித்தாகரசு வாய்பாடு எனப் பெயர் பெற்றது. 2003 ஆம் ஆண்டு நேட் சில்வர் உருவாக்கிய பெக்கோட்டா என்னும் கணிப்பு முறை வெளியானது. ஒரு வீரரை ஒத்த முன்னாள் வீரர்கள் அதே வயதில் எவ்வாறு ஆடினர் என்பதைக் கொண்டு அவருடைய வருங்கால ஆட்டத்தை இது மதிப்பிடுகிறது.

பெக்கோட்டாவின் வெற்றிகளும் தோல்விகளும் பரவலாகப் பேசப்பட்டவை. 2007 ஆம் ஆண்டு சிகாகோ வைட் சாக்ஸ் அணி 72 ஆட்டங்களில் மட்டுமே வெல்லும் என்று அது கூறியது. அவ்வணி சரியாக 72 ஆட்டங்களில் வென்றது. ஆனால் 2015 ஆம் ஆண்டு கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்கும் அதே 72 வெற்றிகளைக் கணித்தது. அவ்வணியோ 95 ஆட்டங்களில் வென்றதுடன் உலகத் தொடர் பட்டத்தையும் கைப்பற்றியது.

இந்தியாவில் வீரர் ஏலமே கணிப்புகளின் தொடக்கப் புள்ளியாக அமைந்தது. எந்த அணி எவ்வளவு செலவிட்டது என்பது அனைவரும் அறியும் எண்ணாக இருந்ததால், செலவைக் கொண்டு வலிமையை அளக்கும் பழக்கம் ஏற்பட்டது. முதல் பருவமே இதனைப் பொய்யாக்கியது. குறைந்த செலவில் அமைந்த, ஷேன் வார்ன் தலைமையிலான ராஜஸ்தான் ராயல்ஸ் அணி 2008 ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை 3 விக்கெட்டுகளால் வென்றது. அப்பருவத்தில் கடைசி இடத்தில் நின்ற டெக்கான் சார்ஜர்ஸ் அணி 2009 ஆம் ஆண்டு பட்டம் வென்றது.

கணிப்பு முறைகள்

பித்தாகரசு வாய்பாடு

ஓர் அணி எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் கொடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் எதிர்பார்க்கப்படும் வெற்றி விகிதம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 800 ஓட்டங்கள் எடுத்து 700 ஓட்டங்கள் கொடுத்த அடிபந்தாட்ட அணியின் வெற்றி விகிதம் 6,40,000 ÷ 11,30,000, அதாவது ஏறத்தாழ 0.566 ஆகும். 162 ஆட்டங்களுக்கு இது ஏறத்தாழ 92 வெற்றிகள். அவ்வணி உண்மையில் 100 ஆட்டங்களில் வென்றிருந்தால், அடுத்த பருவத்தில் அதன் வெற்றிகள் குறையக்கூடும் என்று எதிர்பார்க்கலாம்.

துடுப்பாட்டத்தில் இதனை அப்படியே பயன்படுத்த இயலாது. இரண்டாவதாக மட்டையைப் பிடிக்கும் அணி இலக்கை எட்டியவுடன் ஆட்டம் முடிந்துவிடுவதால், அவ்வணியின் முழு வலிமை ஓட்டங்களில் தெரிவதில்லை. எனவே ஓவர் ஒன்றுக்கான ஓட்டங்களை ஒப்பிடும் நிகர ஓட்ட விகிதம் இங்கு ஓரளவு பயன்படுகிறது.

ஈலோ மதிப்பீடு

சதுரங்க ஆட்டக்காரர்களைத் தரப்படுத்த ஆர்பாட் ஈலோ உருவாக்கிய இம்முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970 ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. பின்னர் பல விளையாட்டுகளுக்கும் இது விரிவாக்கப்பட்டது. ஒவ்வோர் அணிக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. வென்றால் அது கூடும், தோற்றால் குறையும். வலிய அணியை வென்றால் மிகுதியாகக் கூடும். இரு அணிகளுக்கிடையே 100 புள்ளி வேறுபாடு இருந்தால், கூடுதல் மதிப்பெண் பெற்ற அணிக்கு ஏறத்தாழ 64 விழுக்காடு வெற்றி வாய்ப்பு உள்ளதாகக் கொள்ளப்படும்.

மான்டே கார்லோ முறை

ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றி வாய்ப்பும் தெரிந்துவிட்டால், கணினியில் முழுத் தொடரையும் பல்லாயிரம் முறை சமவாய்ப்பு எண்களைக் கொண்டு ஆடிப் பார்க்கலாம். 10,000 முறைகளில் ஓர் அணி 1,800 முறை பட்டம் வென்றால், அதன் பட்ட வாய்ப்பு 18 விழுக்காடு எனக் கொள்ளப்படும். அடிப்படை நிரலாக்கம் அறிந்த மாணவர் ஒருவரும் இதனைச் செய்து பார்க்க இயலும்.

தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் திண்டுக்கல்லும்

தமிழ்நாடு துடுப்பாட்டச் சங்கம் நடத்தும் இத்தொடரில் எட்டு அணிகள் பங்கேற்கின்றன. லீக் சுற்றில் ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளுடன் தலா ஒருமுறை மோதுகிறது. முதல் நான்கு இடங்களைப் பெறும் அணிகள் அடுத்த கட்டத்துக்குச் செல்கின்றன. திண்டுக்கல் டிராகன்ஸ் அணியின் உள்ளூர் ஆட்டங்கள் நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நடைபெறுகின்றன.

2025 வரை பட்டம் வென்ற அணிகள்:

2016 - தூத்துக்குடி (டூட்டி பேட்ரியாட்ஸ்)
2017 - சேப்பாக் சூப்பர் கில்லீஸ்
2018 - மதுரை பாந்தர்ஸ்
2019 - சேப்பாக் சூப்பர் கில்லீஸ்
2020 - கொரோனா தொற்றினால் நடைபெறவில்லை
2021 - சேப்பாக் சூப்பர் கில்லீஸ்
2022 - சேப்பாக் சூப்பர் கில்லீஸ், லைக்கா கோவை கிங்ஸ் (மழையால் பட்டம் பகிரப்பட்டது)
2023 - லைக்கா கோவை கிங்ஸ்
2024 - திண்டுக்கல் டிராகன்ஸ்
2025 - திருப்பூர் தமிழன்ஸ்

இப்பட்டியலில் இருந்து முன்கணிப்பு பற்றிய சில பாடங்களைப் பெறலாம்.

முதலாவது, எளிய விதியின் வலிமை. எதையும் ஆராயாமல் ஒவ்வோர் ஆண்டும் "சேப்பாக் வெல்லும்" என்று மட்டும் கூறி வந்த ஒருவர், ஆட்டம் நடைபெற்ற 9 பருவங்களில் 4 முறை சரியாகக் கூறியிருப்பார் (அதில் ஒன்று பகிரப்பட்ட பட்டம்). எனவே ஒரு வல்லுநரின் கணிப்பை "எத்தனை முறை சரி" என்று மட்டும் பார்ப்பது போதாது. இத்தகைய எளிய விதியை அது விஞ்சியதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சென்ற ஆண்டின் நிலை ஓரளவே வழிகாட்டும். முதல் இரு பருவங்களிலும் பட்டியலின் அடியில் நின்ற மதுரை அணி, 2018 ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் திண்டுக்கல்லை 7 விக்கெட்டுகளால் வென்று பட்டம் பெற்றது. மாறாக, 2022 முதல் 2024 வரை தொடர்ந்து மூன்று பருவங்களில் இறுதி ஆட்டம் வரை சென்ற கோவை அணி, 2025 ஆம் ஆண்டு முதல் நான்கு இடங்களுக்குள் வரவில்லை.

மூன்றாவது, இறுதிக் கட்டத்தின் நிலையாமை. 2024 ஆம் ஆண்டு ரவிச்சந்திரன் அஸ்வின் தலைமையிலான திண்டுக்கல் அணி முதல் இரு இடங்களைப் பெறவில்லை. ஆகவே பட்டம் பெற மூன்று ஆட்டங்களில் தொடர்ந்து வெல்ல வேண்டியிருந்தது. சேப்பாக், திருப்பூர், கோவை ஆகிய மூன்று அணிகளையும் அடுத்தடுத்து வென்று முதன்முறையாகப் பட்டம் பெற்றது. இம்மூன்று ஆட்டங்களிலும் அஸ்வின் அரைச்சதம் அடித்தார். பந்துவீச்சாளராகவே பெரிதும் அறியப்பட்ட ஒருவரின் மட்டை ஒரு பட்டத்தைத் தீர்மானிக்கும் என்பது பழைய பதிவுகளைக் கொண்டு எளிதில் கணிக்கக் கூடியதன்று.

2025 ஆம் ஆண்டு இதன் மறுபக்கம் காணப்பட்டது. சேப்பாக் அணி லீக் சுற்றின் 7 ஆட்டங்களிலும் வென்று முதலிடம் பெற்றது. ஆனால் அடுத்த கட்டத்தில் திருப்பூரிடமும் பின்னர் திண்டுக்கல்லிடமும் தோற்று வெளியேறியது. நத்தத்தில் 2025 சூலை 6 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில், சொந்த மைதானத்தில் ஆடிய திண்டுக்கல் அணியைத் திருப்பூர் தமிழன்ஸ் 118 ஓட்டங்களால் வென்றது. தோல்வியே காணாத அணி, பட்டத்தைத் தக்கவைக்க வந்த அணி ஆகிய இரண்டும் தோற்றது குறிப்பிடத்தக்கது.

கணிப்புகள் தவறுவதற்கான காரணங்கள்

ஆட்டங்களின் எண்ணிக்கை

கணிப்புகள் தவறுவதற்கு முதன்மையான காரணம் வல்லுநர்களின் அறியாமை அன்று. ஆட்டங்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதே ஆகும். எல்லா எட்டு அணிகளும் முற்றிலும் சம வலிமை உடையவை என்று கொள்வோம். அப்போதும் ஏதேனும் ஓர் அணி 7 ஆட்டங்களில் 5 அல்லது அதற்கு மேல் வெல்லும் வாய்ப்பு 128 இல் 29, அதாவது ஏறத்தாழ 23 விழுக்காடு. எட்டு அணிகளில் சராசரியாக இரண்டு அணிகள் இவ்வாறு அமையும். அவற்றை "வலிய அணிகள்" என்று நாம் பாராட்டுவோம். உண்மையில் அவை மற்ற அணிகளைப் போன்றவையே.

இனி ஓர் அணி உண்மையிலேயே வலியது என்றும், ஒவ்வோர் ஆட்டத்திலும் அதற்கு 60 விழுக்காடு வெற்றி வாய்ப்பு உண்டு என்றும் கொள்வோம். 7 ஆட்டங்களில் அது 3 அல்லது அதற்குக் குறைவாகவே வெல்லும் வாய்ப்பு 29 விழுக்காடு ஆகும். அதே வலிமையுள்ள அடிபந்தாட்ட அணி 162 ஆட்டங்களில் பாதிக்கும் குறைவாக வெல்லும் வாய்ப்போ ஒரு விழுக்காட்டை விடக் குறைவு. ஒரே அளவு அறிவுள்ள இரு வல்லுநர்களில், அடிபந்தாட்ட வல்லுநர் அறிவாளியாகவும் துடுப்பாட்ட வல்லுநர் தடுமாறுபவராகவும் தோன்றுவது இதனால்தான்.

இறுதிக் கட்ட அமைப்பு

முதல் இரு இடங்களைப் பெற்ற அணி இரு வழிகளில் பட்டம் வெல்லலாம். முதல் தகுதி ஆட்டத்தையும் இறுதி ஆட்டத்தையும் வெல்வது ஒரு வழி. முதல் தகுதி ஆட்டத்தில் தோற்று, அடுத்த இரண்டிலும் வெல்வது மற்றொரு வழி. ஒவ்வோர் ஆட்டத்திலும் 60 விழுக்காடு வாய்ப்புள்ள அணிக்கு இவ்விரு வழிகளின் கூட்டுத்தொகை 36 + 14.4 = 50.4 விழுக்காடு. அதாவது வலிய அணி முதலிரு இடங்களைப் பெற்ற பின்னும் பட்ட வாய்ப்பு ஏறத்தாழப் பாதிதான். மூன்றாம் அல்லது நான்காம் இடம் பெற்றால் மூன்று ஆட்டங்களையும் வெல்ல வேண்டும் என்பதால் அது 21.6 விழுக்காடாகக் குறைகிறது.

வீரர்கள் வருகையும் மறைவும்

நாட்டு அணிக்கு அழைக்கப்படும் வீரர்கள் மாநிலத் தொடரில் ஆட இயலாது. காயங்களும் முன்னறிய இயலாதவை. மறுபுறம், முன்பதிவுகள் இல்லாத புதியவர்கள் திடீரெனத் தோன்றுகின்றனர். சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த த. நடராஜன் 2016 ஆம் ஆண்டு திண்டுக்கல் அணிக்காக ஆடி, காலடியில் விழும் யார்க்கர் பந்துகளால் கவனம் பெற்றார். 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி உரூபாய்க்கு எடுத்தது. கட்டிடக் கலைஞராகப் பணியாற்றிய வருண் சக்கரவர்த்தி 2018 ஆம் ஆண்டு மதுரை அணியின் பட்ட வெற்றியில் பங்கேற்றார். அதே ஆண்டு இறுதியில் 8.4 கோடி உரூபாய்க்கு ஏலம் போனார். பழைய எண்களை மட்டும் நம்பும் கணிப்பு முறை இத்தகையோரைக் காணாது. உள்ளூர் ஆட்டங்களை நேரில் கண்டவரின் அறிவு பயன்படும் இடம் இதுவே.

மனப் பிழைகள்

அண்மையில் கண்டதற்கு மிகுதியான எடை கொடுப்பது, புகழ்பெற்ற பெயர்களை நம்புவது, சொந்த ஊர் அணியின்பால் சாய்வது ஆகியன பொதுவான பிழைகள். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 2020 இல் ஏழாம் இடம், 2021 இல் பட்டம், 2022 இல் ஒன்பதாம் இடம், 2023 இல் மீண்டும் பட்டம் என மாறியது. சென்ற ஆண்டை மட்டும் பார்த்தவர் நான்கு ஆண்டுகளும் ஏமாந்திருப்பார்.

கணிப்பை மதிப்பிடும் முறை

எட்டு அணிகளில் இருந்து நான்கினைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உள்ளன. கண்ணை மூடிக்கொண்டு நான்கு பெயர்களை எழுதினாலும் சராசரியாக இரண்டு சரியாக அமையும். மூன்று அல்லது நான்கு சரியாக அமையும் வாய்ப்பு 24 விழுக்காடு. ஆகவே "நான்கில் இரண்டைச் சரியாகக் கூறினேன்" என்பது பெருமைக்குரியதன்று.

நிகழ்தகவாகக் கூறப்படும் கணிப்புகளை அளக்க, அமெரிக்க வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர் 1950 ஆம் ஆண்டு முன்வைத்த அளவு பயன்படுகிறது. கூறப்பட்ட நிகழ்தகவுக்கும் உண்மை விளைவுக்கும் (நடந்தால் 1, நடக்காவிடில் 0) உள்ள வேறுபாட்டின் வர்க்கத்தைச் சராசரியாக்கினால் பிரையர் மதிப்பெண் கிடைக்கும். இது குறைவாக இருப்பதே நல்லது. எட்டு அணிகளுக்கும் "50 விழுக்காடு" என்று எழுதியவரின் மதிப்பெண் 0.25. இதனுடன் ஒப்பிட்டால் வியப்பான முடிவுகள் கிடைக்கின்றன.

நான்கு அணிகள் உறுதியாகத் தகுதி பெறும் என்று கூறி, இரண்டு சரியானால் மதிப்பெண் 0.50.
அவ்வாறே கூறி, மூன்று சரியானால் 0.25.
அதே நான்கு அணிகளுக்கு 75 விழுக்காடும் மற்றவற்றுக்கு 25 விழுக்காடும் கூறி, மூன்று சரியானால் 0.19.

அதாவது "உறுதி" என்று அடித்துக் கூறியவர், நான்கில் மூன்றைச் சரியாகக் கூறிய பின்னும், எதுவும் தெரியாது என்று எழுதியவருக்குச் சமமாகவே நிற்கிறார். அதே அறிவுடன் ஐயத்தையும் சேர்த்துக் கூறியவர் அவரை விஞ்சுகிறார். அரசியல் வல்லுநர்களின் கணிப்புகளை ஆராய்ந்த பிலிப் டெட்லாக், ஒரே பெருங்கருத்தை உறுதியுடன் பற்றிக்கொள்பவர்களை விட, பல கோணங்களைத் தயக்கத்துடன் எடை போடுபவர்கள் சிறப்பாகக் கணிப்பதை 2005 ஆம் ஆண்டு வெளியான நூலில் காட்டினார்.

"சென்ற ஆண்டின் முதல் நான்கு அணிகளே மீண்டும் வரும்" என்பது மற்றொரு அளவுகோல். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் 2023 ஆம் ஆண்டின் நால்வரில் கோவை, திண்டுக்கல் ஆகிய இரண்டே 2024 இல் மீண்டும் வந்தன. 2024 ஆம் ஆண்டின் நால்வரில் திருப்பூர், சேப்பாக், திண்டுக்கல் ஆகிய மூன்று 2025 இல் மீண்டும் வந்தன.

விலங்குக் கணிப்புகள்

2010 ஆம் ஆண்டு உலகக்கோப்பைக் காற்பந்தாட்டத்தின்போது செருமனியில் பால் என்ற ஆக்டோபஸ் 8 ஆட்டங்களின் முடிவுகளையும் சரியாகத் "தேர்ந்தெடுத்து" உலகப் புகழ் பெற்றது. அதே நேரத்தில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பகுதியில், தமிழ்க் கிளி சோதிடர் ஒருவரின் மணி என்ற கிளி காலிறுதி ஆட்டங்கள் நான்கையும் சரியாகக் கூறியதாகப் பேசப்பட்டது. இறுதி ஆட்டத்தில் ஆக்டோபஸ் எசுப்பானியாவையும் கிளி நெதர்லாந்தையும் தேர்ந்தெடுத்தன, எசுப்பானியா வென்றது.

இரண்டில் ஒன்றைத் தேர்வதில் நான்கு முறை தொடர்ந்து சரியாக அமையும் வாய்ப்பு 16 இல் 1. எட்டு முறைக்கு 256 இல் 1. உலகெங்கும் நூற்றுக்கணக்கானோர் இவ்வாறு முயலும்போது ஒருவரேனும் முழு வெற்றி பெறுவது இயல்பு. தோற்றவை செய்தியாவதில்லை. "சென்ற ஆண்டு சரியாகக் கூறியவர்" என்று விளம்பரப்படுத்தப்படும் வல்லுநர்களுக்கும் இது பொருந்தும்.

பணமும் சட்டமும்

முன்கணிப்பு பொழுதுபோக்காக இருக்கும்வரை அதன் பிழையால் எவருக்கும் இழப்பில்லை. பணம் கட்டி ஆடும் கற்பனை அணி விளையாட்டுகளும் இணையப் பந்தயங்களும் பரவியபோது நிலைமை மாறியது. கணிப்புகள் "இன்றைய வெற்றி அணி" என்ற பெயரில் மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் விற்கப்பட்டன. மேலே கண்டவாறு, உண்மையிலேயே வலிய அணியும் பத்து ஆட்டங்களில் நான்கில் தோற்கும். நடத்துபவர் ஒவ்வொரு முறையும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால், பங்கேற்போர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பே எஞ்சும்.

தமிழ்நாட்டில் 1930 ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்தும் இணைய விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தியும் மாநிலச் சட்டமன்றம் 2022 ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றியது. 2023 ஏப்ரலில் ஆளுநர் அதற்கு ஒப்புதல் அளித்தார். 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறன் சார்ந்ததா வாய்ப்பு சார்ந்ததா என்ற வேறுபாடின்றி, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

கல்விப் பயன்

பணம் சேராத முன்கணிப்பு, நிகழ்தகவும் புள்ளியியலும் கற்க எளிய வழியாகும். பருவம் தொடங்கும் முன் ஒவ்வோர் அணிக்கும் தகுதி வாய்ப்பை விழுக்காட்டில் எழுதி வைத்து, பருவம் முடிந்தபின் பிரையர் மதிப்பெண்ணைக் கணக்கிடலாம். எட்டு அணிகளின் வாய்ப்புகளும் சேர்ந்து 400 விழுக்காடாக இருக்க வேண்டும். ஏனெனில் தகுதி பெறுபவை நான்கு அணிகள். 0.25 என்ற எல்லையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து விஞ்சுவோரின் கணிப்பிலேயே உண்மையான அறிவு உண்டு எனலாம்.

இவற்றையும் பார்க்க

தமிழ்நாடு பிரீமியர் லீக்
திண்டுக்கல் டிராகன்ஸ்
அடிபந்தாட்டம்
நிகழ்தகவு
ஈலோ மதிப்பீடு
கிளி சோதிடம்